தூங்கியே கரைந்த நோயாளிகள்... துப்பு துலக்கிய 'பைலட்' டாக்டர்! யார் இந்த வான் எகானமோ?

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே தூக்கம். வாயில் போட்ட உணவை மென்று முடிப்பதற்குள் தலை தொங்கிவிடும். தோளைத் தட்டி எழுப்பினால் கண்ணைத் திறப்பார்கள், பெயர் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், இன்றைக்கு என்ன கிழமை என்பது வரை தெரியும். கையை எடுத்த அடுத்த நிமிஷம் மறுபடியும் தூக்கம்.

1916-17 குளிர்காலத்தில், முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்த நேரத்தில், வியன்னா பல்கலைக்கழகத்தின் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு இப்படிப்பட்ட நோயாளிகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி. சிலருக்கு கண் இமை தூக்க முடியாமல் தொங்கிப் போயிருந்தது. அனுப்பி வைத்த டாக்டர்கள் சீட்டில் ஆளுக்கொரு வியாதியை எழுதியிருந்தார்கள். மூளை உறை காய்ச்சல் என்று ஒருவர், ஜன்னி என்று இன்னொருவர். எதுவுமே பொருந்தவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் வந்திருப்பது ஒரே நோய்தான், அது மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்த அழற்சி என்று கண்டுபிடித்தவர், சில மாதங்களுக்கு முன்பு வரை போர்முனையில் விமானம் ஓட்டிக் கொண்டிருந்த ஒருவர். பெயர் கான்ஸ்டன்டின் வான் எகானமோ.

நோய் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் 'ஆட்டோ இம்யூன் என்செஃபாலிட்டிஸ்' பற்றி இன்றைக்கு டாக்டர்கள் பேசும்போதெல்லாம், 90 வருஷத்துக்கு முன்பே இறந்துபோன இந்த மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

பணக்கார வீட்டுப் பையன்... இன்ஜினியரிங் டூ மெடிசின்!

1876 ஆகஸ்ட் 21. ருமேனியாவின் பிரைலா நகரில், வசதியான கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தார் எகானமோ. அடுத்த வருஷமே குடும்பம் ட்ரியெஸ்ட் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று இத்தாலியில் இருக்கும் அந்த ஊர், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசின் முக்கியத் துறைமுகம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி என்று வளர்ந்ததால் பல மொழிகள் சரளமாக வந்தன. குடும்பத்துக்குப் பிரபு பட்டமும் பின்னாளில் கிடைத்தது. அந்த 'வான்' வந்தது அப்படித்தான்.

அப்பாவுக்கு மகன் இன்ஜினியர் ஆக வேண்டும். (இந்த ஆசைக்கு ஊர், காலம் எல்லாம் கிடையாது போல!) அவர் விருப்பத்துக்காக வியன்னாவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார் எகானமோ. இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தார். அதற்கு மேல் முடியவில்லை. 1895-ல் மருத்துவத்துக்கு மாறி, 1901-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

அதன்பிறகு பாரிஸ், முனிச், பெர்லின் என்று ஐரோப்பாவின் பெரிய நரம்பியல் ஆய்வுக்கூடங்களைச் சுற்றி வந்தார். முனிச்சில் அவர் வேலை பார்த்த இடத்தில்தான் அலோய்ஸ் அல்சைமர் இருந்தார். ஆமாம், மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த அதே அல்சைமர். 1906-ல் வியன்னா திரும்பி, யூலியஸ் வாக்னர்-யாரெக்கின் மருத்துவமனையில் சேர்ந்தார். இந்த வாக்னர்-யாரெக் சாதாரண ஆள் இல்லை. 1927-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

பகலில் மைக்ரோஸ்கோப், லீவு கிடைத்தால் வானம். முதலில் பலூன், பிறகு விமானம். பிரான்ஸ் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். சர்வதேச விமானி உரிமம் பெற்ற முதல் ஆஸ்திரியர்களில் இவரும் ஒருவர். அந்நாட்டு ஏரோ கிளப்பின் தலைவராகவும் பல வருஷம் இருந்தார். விமானம் என்பது மரச்சட்டமும் துணியுமாக இருந்த காலம் அது என்பதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் இதன் துணிச்சல் புரியும்.

போர் வந்ததும் ராணுவத்தில் விமானியாகப் போனார். பெற்றோர் விடவில்லை. அவர்களுடைய வற்புறுத்தலால் 1916-ல் வியன்னாவுக்குத் திரும்பி, தலையில் காயம்பட்டு வந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். அந்த வார்டுகளுக்குத்தான் தூங்கும் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஏப்ரல் 17, 1917

இந்த நோயாளிகளைப் பார்த்ததும் எகானமோவுக்குச் சின்ன வயதில் வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1890 வாக்கில், ஒரு பெரிய ஃப்ளூ அலைக்குப் பிறகு வடக்கு இத்தாலியில் 'நோனா' என்று ஒரு தூக்க நோய் வந்து போனதாகச் சொல்வார்கள். அந்த நோனாதான் திரும்பி வந்திருக்கிறதா?

நினைவை மட்டும் நம்பி அவர் எழுதிவிடவில்லை. இறந்துபோன நோயாளிகளின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மூளை முழுக்க அழற்சி இல்லை. நடுமூளையிலும், அதற்குச் சற்று முன்னால் ஹைப்போதாலமஸ் இருக்கும் பகுதியிலும் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. வேறு வேறு சீட்டோடு வந்தவர்களின் மூளையில், ஒரே இடத்தில் ஒரே மாதிரியான சேதம்.

1917 ஏப்ரல் 17-ம் தேதி வியன்னா மனநல, நரம்பியல் சங்கக் கூட்டத்தில் இதை அறிவித்தார். மே மாதம் கட்டுரையாகவும் வந்தது. நோய்க்கு அவர் வைத்த பெயர் 'என்செஃபாலிட்டிஸ் லெதார்ஜிக்கா'. அதாவது, மந்தத் தூக்கத்தில் தள்ளும் மூளை அழற்சி.

அதே சமயத்தில், போரில் எதிரி நாடான பிரான்சில் ரெனே க்ரூஷே என்ற டாக்டரும் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். அச்சில் அவருடையது சில நாள் முந்தியது. யார் முதலில் என்ற சண்டை பல வருஷம் ஓடியது. பெயர் நிலைத்தது என்னவோ எகானமோவுக்குத்தான். ஒரு பட்டியலாக இல்லாமல் ஒரே நோயாக, மூளையில் இடம் சுட்டிச் சொன்னது அவர் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது.

பத்து வருஷம் ஆட்டிப் படைத்து, மாயமான நோய்

வியன்னாவோடு நிற்கவில்லை. 1918-ல் இங்கிலாந்தில் இதே நோய் தலைகாட்டியபோது, கெட்டுப்போன உணவில் வரும் விஷம் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு வட அமெரிக்கா, அங்கிருந்து உலகம் முழுக்க. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சம் என்கிறது ஒரு மதிப்பீடு, 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது இன்னொன்று. மூன்றில் ஒருவர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எல்லோரும் தூங்கவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். சிலருக்கு நேர்மாறாகத் தூக்கமே வரவில்லை. இரவெல்லாம் உடல் துள்ளிக்கொண்டே இருக்கும், பிதற்றல், காட்சிப் பிரமை. இன்னும் சிலர் சிலை மாதிரி உறைந்து போனார்கள். எகானமோ மூன்று வகையாகப் பிரித்தார்: தூக்கத்தில் தள்ளுவது, அடங்காமல் துள்ள வைப்பது, அசைவற்று உறைய வைப்பது.

பிழைத்தவர்களின் கதை இன்னும் வேதனை. குணமாகி வீட்டுக்குப் போய், வேலைக்கும் போய், சில வருஷம் கழித்து கை நடுங்க ஆரம்பிக்கும், நடை சுருங்கும், முகத்தில் பாவனை காணாமல் போகும். இளம் வயதிலேயே பார்க்கின்சன். கண் இரண்டும் மேல்நோக்கிச் சொருகி மணிக்கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு. சாதுவாக இருந்த பிள்ளைகள் நோய்க்குப் பிறகு முரட்டுத்தனமாக மாறினார்கள். திருட்டு, அடிதடி என்று போலீஸ் வரை போன பிள்ளைகளும் உண்டு. கெட்ட பிள்ளை என்று முத்திரை குத்தப்பட்ட அவர்கள் மூளையில் அழற்சி வந்த பிள்ளைகள் என்பதை ஊருக்குப் புரிய வைக்க டாக்டர்கள் படாதபாடு பட்டார்கள்.

1927 வாக்கில் புதிய நோயாளிகள் வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது. ஏன் வந்தது என்று தெரியாத மாதிரியே, ஏன் போனது என்பதும் தெரியவில்லை. ஆனா, உறைந்து போனவர்கள் மருத்துவமனைகளிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தார்கள். 1969-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் டாக்டர் ஆலிவர் சாக்ஸ், அப்படிப்பட்டவர்களுக்கு எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும், அவர்கள் கொஞ்ச காலத்துக்கு எழுந்து நடந்ததும், பிறகு பலருக்கு அந்தப் பலன் கைநழுவிப் போனதும் 'அவேக்கனிங்ஸ்' புத்தகமாகி, 1990-ல் ராபர்ட் டி நீரோ நடித்த படமாகவும் வந்தது.

தூக்கத்துக்கு 'ஸ்விட்ச்' எங்கே?

எகானமோவின் பெரிய சாதனை எது என்று கேட்டால், நோய்க்குப் பெயர் வைத்ததைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

தூக்கம் என்பது மூளை சோர்ந்துபோய்த் தானாக அணைவது என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். எகானமோ தன்னிடம் இருந்த மூளைச் சீவல்களை வகை பிரித்து அடுக்கிப் பார்த்தார். தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு ஹைப்போதாலமஸின் பின்பகுதியும் நடுமூளையை ஒட்டிய இடமும் கெட்டிருந்தது. தூக்கமே வராதவர்களுக்கு அதன் முன்பகுதி. அப்படின்னா என்ன அர்த்தம்? பின்பகுதி நம்மை விழிக்க வைக்கிறது, முன்பகுதி தூங்க வைக்கிறது. தூக்கம் என்பது மூளை தானே செய்யும் ஒரு வேலை. பகலில் திடீர் திடீரென்று தூங்கி விழும் 'நார்கோலெப்ஸி' நோய்க்கும் இதே பின்பகுதியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கருத்தை விரிவாக விளக்கும் கட்டுரை 1930-ல் ஆங்கிலத்தில் வெளியானது.

ஸ்கேன் கிடையாது. இஇஜி அப்போதுதான் பிறந்திருந்தது. கையில் இருந்தது மைக்ரோஸ்கோப்பும் இறந்தவர்களின் மூளையும் மட்டும்தான். 1990-களில் ஹைப்போதாலமஸின் முன்பகுதியில் தூக்கத்தை உண்டாக்கும் நரம்பு செல்கள் அடையாளம் காணப்பட்டன. 1998-ல் பின்-பக்கவாட்டுப் பகுதியில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. 2000-ல், நார்கோலெப்ஸி நோயாளிகளின் மூளையில் அந்த ஒரெக்சின் செல்கள்தான் அழிந்திருக்கின்றன என்று தெரிந்தது. இடம் கிட்டத்தட்ட அச்சு அசலாக அவர் சொன்னதே. அந்த செல்களை அழிப்பது நோய் எதிர்ப்பு சக்திதான் என்று இன்று வலுவாகச் சந்தேகிக்கப்படுகிறது.

காவல்காரனே அடித்தால்?

சரி, ஆட்டோ இம்யூன் மூளை அழற்சி என்றால் என்ன?

கிருமி உள்ளே வந்தால் அதைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஓர் அடையாளம் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த அடையாளம் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். சில நேரம் இந்த அடையாளம் தப்பாகி, மூளையின் நரம்பு செல்லையே பிடித்துவிடுகிறது. வாட்ச்மேன் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரை அமுக்குவது மாதிரி.

இதில் அதிகம் அறியப்பட்டது 'என்எம்டிஏ ரிசெப்டர்' ஆன்டிபாடி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜோசெப் டால்மாவ் குழு 2007-ல் இதை அடையாளம் கண்டது. அவர்கள் பார்த்தது 12 பெண்கள். திடீர் மனநல பாதிப்பு, ஃபிட்ஸ், நினைவிழப்பு, மூச்சுத் திணறல். 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது. டெரட்டோமாவில் முடி, பல், சில நேரம் நரம்புத் திசுகூட வளர்ந்திருக்கும். சினைப்பையில் நரம்புத் திசுவுக்கு என்ன வேலை என்று எதிர்ப்பு சக்தி அதன் மீது பாய்கிறது. தயாரான ஆன்டிபாடி மூளையில் இருக்கும் அதே ரிசெப்டரையும் பிடிக்கிறது.

என்எம்டிஏ ரிசெப்டர் என்பது நரம்பு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு வாசல். நினைவு, கற்றல் எல்லாம் இதன் வழியே வரும் சிக்னலில்தான் நடக்கிறது. ஆன்டிபாடி பக்கத்துப் பக்கத்து வாசல்களை இரண்டு கையாலும் பிடித்து இணைக்கிறது. உடனே செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே வாசல் குறைகிறது, சிக்னல் தடுமாறுகிறது. கவனிக்க வேண்டியது, செல் சாகவில்லை. ஆன்டிபாடியை அகற்றினால் வாசல் மறுபடி முளைக்கும். கோமா வரை போனவர்கள்கூட எழுந்து வருவது இதனால்தான்.

எல்லா ஆன்டிபாடியும் ஒரே மாதிரி இல்லை. எல்ஜிஐ1 ஆன்டிபாடி பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களைத் தாக்கும். முகமும் கையும் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும், ரத்தத்தில் சோடியம் குறையும், மறதி வரும். 2014-ல் பார்சிலோனாவில் கண்டறியப்பட்ட ஐஜிலான்5 ஆன்டிபாடி நோயாளிகளுக்குத் தூக்கமே தாறுமாறாகிறது.

முதலில் காட்டுவது மனநல டாக்டரிடம்

என்எம்டிஏ வகையில் ஆரம்பம் ஜலதோஷம், தலைவலி மாதிரி இருக்கும். சில நாளில் ஆள் மாறிவிடுவார். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், தூக்கமின்மை, காதில் குரல். அதன்பிறகுதான் ஃபிட்ஸ், வாய் கோணிக்கோணி அசைவது, பேச்சு நிற்பது எல்லாம். அதனால் பலரும் முதலில் போய்ச் சேருவது மனநல மருத்துவமனைக்கு. 2009-ல் நியூயார்க்கில் 24 வயதுப் பெண் பத்திரிகையாளர் சுசன்னா கஹலனுக்கு இதுதான் நடந்தது. ஒரு டாக்டர் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். 12 எண்களையும் வலது பக்கத்திலேயே எழுதினார் சுசன்னா. மூளையின் ஒரு பக்கம் அழற்சியில் இருப்பது அப்போது புரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி, அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

எம்ஆர்ஐ ஸ்கேன் பல நேரம் நார்மலாகவே வரும். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமான பரிசோதனை. இஇஜியும் உதவும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசி, பிளாஸ்மா மாற்றம், கேட்கவில்லை என்றால் ரிட்டுக்ஸிமாப், கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை. 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷத்தில் 10-ல் 8 பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம். நேற்று வரை நன்றாக இருந்தவர் சில நாட்களிலோ வாரங்களிலோ வேறு ஆளாகி, கூடவே ஃபிட்ஸோ குழப்பமோ வந்தால், நரம்பியல் டாக்டரையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

அப்போ, எகானமோ பார்த்தது இதைத்தானா?

கேள்வி இங்கேதான் சூடு பிடிக்கிறது.

எகானமோ கடைசி வரை, இது இன்னும் கண்ணில் படாத ஒரு கிருமியின் வேலை என்றே நம்பினார். உடலே மூளையைத் தாக்கும் என்ற எண்ணம் அந்தக் கால மருத்துவத்தில் இடம்பெறவே இல்லை. ஸ்பானிஷ் ஃப்ளூதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். ஆனா கணக்கு இடிக்கிறது. ஸ்பானிஷ் ஃப்ளூ பரவியது 1918-ல். தூக்க நோயாளிகள் வியன்னாவுக்கு வந்தது அதற்கு முன்பே. பத்திரப்படுத்தி வைத்த மூளைத் திசுக்களில் ஃப்ளூ வைரஸைத் தேடியவர்களுக்கும் உறுதியாக எதுவும் சிக்கவில்லை.

2004-ல் டாக்டர் ரஸ்ஸல் டேல் குழு, இந்தக் காலத்திலும் அரிதாக அதே அறிகுறிகளோடு வந்த 20 பேரைப் பரிசோதித்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சமீபத்தில் தொண்டை அழற்சி வந்திருந்தது. கிட்டத்தட்ட எல்லோர் ரத்தத்திலும் மூளையின் அடிப்பகுதியைக் குறிவைக்கும் ஆன்டிபாடி இருந்தது. 2009-ல் அதே டேல் குழு 20 குழந்தைகளைப் பார்த்ததில், 10 பேருக்கு என்எம்டிஏ ஆன்டிபாடி. எகானமோ சொன்ன மூன்று வகையில், அடங்காமல் துள்ள வைக்கும் வகையோடு இந்தக் குழந்தைகள் பொருந்தினார்கள்.

அதற்காக மர்மம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. என்எம்டிஏ அழற்சி கொள்ளைநோயாகப் பரவுவதில்லை. பல வருஷம் கழித்துப் பார்க்கின்சனில் கொண்டுபோய் விடுவதும் அதன் வழக்கம் இல்லை. எகானமோவின் நோயாளிகளுக்கு நடுமூளையில் செல்கள் நிஜமாகவே செத்திருந்தன. ஒருவேளை கிருமி ஆரம்பித்து வைத்ததை எதிர்ப்பு சக்தி முடித்து வைத்திருக்கலாம். இன்று ஹெர்பிஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வாரம் கழித்து என்எம்டிஏ ஆன்டிபாடி உருவாவது நிரூபிக்கப்பட்டிருப்பதால், அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று ஒதுக்க முடியாது.

55 வயதில் நின்ற இதயம்

1919-ல் இளவரசி கரோலின் வான் ஷோன்பர்க்-ஹார்டன்ஸ்டைனைத் திருமணம் செய்துகொண்டார் எகானமோ. குழந்தைகள் இல்லை. 1925-ல் ஜார்ஜ் கோஸ்கினாஸுடன் சேர்ந்து மனித மூளையின் மேற்புறத்தை 107 பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் பிரம்மாண்டமான அட்லஸை வெளியிட்டார். அதில் அவர்கள் விவரித்த கதிர் வடிவ நரம்பு செல்களுக்கு இன்று 'வான் எகானமோ நியூரான்' என்றே பெயர். தூக்க நோய் பற்றிய முழுப் புத்தகம் 1929-ல் வந்தது.

1931 மே மாதம் வியன்னாவில் மூளை ஆராய்ச்சிக்கென்று தனித் துறை தொடங்கி அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது ஐந்தே மாதம். அக்டோபர் 21-ம் தேதி இதய நோயால் இறந்தார். வயது 55.

அவர் காலத்து நோயாளிகளின் ரத்தமோ தண்டுவட நீரோ ஆன்டிபாடி பரிசோதனைக்கு இன்று கிடைப்பதில்லை. மிச்சம் இருப்பது காகிதம்தான். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் 1918 முதல் 1946 வரை எழுதப்பட்ட பழைய கேஸ் ஷீட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் சமீபத்தில் எடுத்துப் படித்தார்கள். 600-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இன்றைய விதிகளை வைத்துச் சரிபார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேர் ஆட்டோ இம்யூன் மூளை அழற்சியாக இருக்கக்கூடும் என்ற வரையறைக்குள் வந்தார்கள். அதில் என்எம்டிஏ வகையோடு ஒத்துப்போனவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களைத் தாக்கியது இன்னும் பெயர் வைக்கப்படாத வேறு ஆன்டிபாடியா என்ற தேடல் தொடர்கிறது.